சம்பத்தின் மாத்திரையும் கிளியம்மாளின் பம்பளிமாசும்

மாடம்பாக்கத்தில் சிவன் கோயிலைத் தாண்டிப் போகிற தெருவில் செங்கல், ஜல்லி, எம்.சாண்ட் விற்கிற சம்பத்துக்கு அறுபத்தொரு வயது. அவருடைய தாத்தா காலத்தில் அந்த இடம் நெல் அடிக்கிற களம். அப்பா காலத்தில் மாட்டுக் கொட்டகை. சம்பத் காலத்தில் லாரி வந்து நிற்கிற இடம். கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்கா, கிளியம்மாள். ஏழு வயது மூத்தவள். அவளைச் சிங்கப்பெருமாள் கோவிலில் ரைஸ் மில் வைத்திருந்த பக்தவச்சலத்துக்குக் கொடுத்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து மகன் சிவகுமாரைப் பெற்றாளே, அந்த மாசம் பக்தவச்சலம் பிள்ளையைப் பார்க்க வரும்போது ஒரு பம்பளிமாஸ் கன்று கொண்டுவந்தார். கிளியம்மாள் அதைப் பின்கட்டில் நட்டாள். சிவகுமாருக்கு இப்போது நாற்பத்தேழு முடிகிறது. மரத்துக்கும் அதுதான் வயது.

அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அப்பா போன பிறகு பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில், பெண்பிள்ளைகள் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புடவை ரவிக்கையோடு கிளம்பிப் போய்விடுவதுதான் வழக்கம். கிளியம்மாளின் இரண்டு அத்தைகளும் அப்படித்தான் போனார்கள். கிளியம்மாள் போடவில்லை. பின்கட்டு எனக்கு வேண்டும், அங்கே வீடு கட்டிக்கொண்டு வரப்போகிறேன் என்றாள். சட்டம் அவள் பக்கம் இருந்தது. அளந்து, சுவர் எழுப்பினார்கள். மரம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

சுவர் இடுப்பளவு எழும்பி நின்ற அன்று, கொத்தனார்கள், சர்வேயர், தெருக்காரர்கள் எல்லார் எதிரிலும் சம்பத் சொன்னார்:

"இந்த மரத்துப் பழம் இனிமே என் பல்லுல படாது. கோயில் இருக்கிற திசையப் பார்த்துச் சொல்றேன்."

கிளியம்மாளும் விடவில்லை. "படும்டா. நானே உரிச்சு, நானே உன் வாயில வெப்பேன். அன்னிக்கு மட்டும் நீ வாயத் தொறக்கலேன்னு வெச்சுக்க, நான் உனக்கு அக்கா இல்ல, நீ எனக்குத் தம்பி இல்ல."

அதற்குப் பிறகு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்தாள். பக்தவச்சலம் அங்கேதான் காலமானார். சம்பத் எடுப்புக்குப் போனார், மாமன் மச்சான் முறைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார். மரத்தின் ஒரு கிளை சுவரைத் தாண்டி இவர் பக்கம் நீண்டிருந்தது. பழுத்த பழம் தொப்பென்று இவர் கொல்லையில் விழும். சம்பத் அதை எடுத்து, சுவருக்கு மேலே அந்தப் பக்கமே வீசிவிடுவார். ஒருமுறை வீசியதில் கிளியம்மாள் வீட்டு நீல டிரம்மின் மூடி உடைந்தது. அவள் உடைந்த மூடியை இந்தப் பக்கம் வீசினாள். ஒன்பது வருஷத்தில் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு நாள், லோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற சம்பத்துக்கு நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல இருந்தது. மகன் தீனா காரில் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஞ்சியோ செய்து பார்த்தார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ்தான் செய்ய வேண்டும் என்று அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

ஆபரேஷனைப் பற்றி விளக்கியபோது டாக்டர் ஒரு மாத்திரையை எழுதினார். வியாழக்கிழமை தொடங்கி ஆறு நாள், காலையிலும் சாயங்காலமும்.

"இது இன்னாத்துக்கு சார்?"

"ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள், மூணாம் நாள், பத்துல மூணு பேருக்கு இதயத் துடிப்பு தாறுமாறா ஓட ஆரம்பிக்கும். அப்படி ஓடினா ரத்தம் உள்ளயே தேங்கி, கட்டி தட்டி, மூளைக்குப் போற ஆபத்து இருக்கு. அது வராம இருக்கத்தான் முன்னாடியே மாத்திரை."

"எனக்கு அது இல்லியே சார். அடைப்புதானே இருக்குன்னீங்க?"

"இல்ல. இருக்கிறதுக்கு ஆபரேஷன். வரக்கூடியதுக்கு மாத்திரை. ரெண்டும் வேணும்."

இல்லாத வியாதிக்கு மருந்து என்பது சம்பத்துக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இருந்தாலும் தலையாட்டினார். வெளியே வந்தபோது மெட்டில்டா சிஸ்டர் உட்கார வைத்து மறுபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது, எப்போது வந்து சேர்வது என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், "அய்யா, இந்தப் புது மாத்திரை ஓடறப்ப பம்பளிமாஸ் மட்டும் சாப்பிடாதீங்க. சாத்துக்குடி பரவாயில்ல. பம்பளிமாஸ் உள்ள போனா மாத்திரையோட வேகம் கூடிடும், துடிப்பு ரொம்ப இறங்கிடும்" என்றார்.

சம்பத் சிரித்துவிட்டார். "சிஸ்டர், அதைப் பத்தி நீ கவலையே படாத. அத நான் தொட்டு ஒம்போது வருஷம் ஆவுது."

மனைவி ஹேமாவதியும் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வியாழனும் வெள்ளியும் வேளை தவறாமல் அவளே மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தாள். சம்பத் விழுங்கினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளியம்மாள் வந்தாள். பின்கட்டிலிருந்து முன்வாசலுக்கு வழி கிடையாது. இரண்டு தெரு சுற்றிக்கொண்டு வர வேண்டும். மழைச் சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு, யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, சம்பத் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு எதிரில் இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாடா, நெஞ்சைப் பொளக்கப் போறாங்களாமே. சுவத்துக்கு அந்தாண்ட இருக்கிறவளுக்குச் சொல்லணும்னு தோணல இல்ல? பால் ஊத்தறவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அக்காவின் தலை முழுக்க வெள்ளையாகிவிட்டதைச் சம்பத் அவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் பார்த்தார்.

"காபி போடட்டுமா அண்ணி?" என்றாள் ஹேமாவதி.

"அப்புறம் போடு. மொதல்ல ஒரு கத்தி எடுத்தா."

பையிலிருந்து பழத்தை எடுத்தாள். கைக்கடங்காத பழம். ஹேமாவதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கத்தியை எடுக்கப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்று, "அண்ணி, பம்பளிமாஸ் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிருக்காங்க. மாத்திரை போடறாரு, அதுக்கு ஆவாதாம்" என்றாள்.

கிளியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஆஸ்பத்திரிம்மா அது? வாழப்பழம் சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம்."

"சாத்துக்குடி?"

"அதுவும் சாப்பிடலாம்."

"பம்பளிமாஸ் மட்டும் கூடாது. அதுவும் என் வூட்டு மரத்துல காய்ச்சா கூடாது. ஊர்ல அத்தினி பழம் இருக்கச் சொல்ல, டாக்டருக்கு எங்க வூட்டுப் பழம் ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா? ஏம்மா, சொல்றதையாவது நம்பற மாதிரி சொல்லக்கூடாதா?"

ஹேமாவதிக்கு முகம் செத்துப்போயிற்று. சொன்னது உண்மை. ஆனால் அதைவிடப் பொருத்தமாக ஒரு பொய்யை யாராலும் ஜோடித்திருக்க முடியாது. கிளியம்மாள் கத்திக்குக் காத்திருக்கவில்லை. தானே அடுப்படிக்குப் போய் எடுத்து வந்து, மேல்தோலைச் சீவி, வெள்ளைத் தோலை நகத்தால் கிள்ளி எறிந்து, ஒரு சுளையை முழுசாகப் பிரித்தாள். சதைப்பற்றும் இளஞ்சிவப்புமாக நல்ல சுளை. அதைத் தம்பியின் வாய்க்கு நேரே நீட்டினாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை ஒன்பது வருஷத்துக்கு முன்பே ஊர் எதிரில் சொல்லியாயிற்று.

புதன்கிழமை நெஞ்சைப் பிளக்கிறார்கள். எழுந்தாலும் எழலாம், எழாமலும் போகலாம். இப்போது வாயை மூடிக்கொண்டால் அது எப்போதைக்கும் மூடியதுதான். சம்பத் அவ்வளவு தூரம்தான் யோசித்தார். வாயைத் திறந்தார்.

முழுப் பழமும் முடிகிற வரைக்கும் கிளியம்மாள் நகரவில்லை. அப்புறம் ஹேமாவதி போட்ட காபியைக் குடித்தாள். "நாளைக்கும் வரேன். ரெண்டு பழம் பதமா நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ஹேமாவதி மாத்திரையை நீட்டும்போது, "போடலாமா? பழம் சாப்ட்டீங்களே. சிஸ்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுடலாமா?" என்றாள்.

"நான் கேட்டுட்டேன். ஒண்ணும் ஆவாதாம். குடு" என்று வாங்கிக்கொண்டார் சம்பத். கேட்கவில்லை. அவர் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அவருடைய சேக்காளிகளில் பாதிப் பேர் பாட்டில் திறக்கிற அன்றைக்கு சுகர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இரண்டும் வயிற்றில் சந்திக்கக் கூடாது, அவ்வளவுதானே. பழம் போன அன்றைக்கு மாத்திரை வேண்டாம் என்று தானாகவே தீர்த்துக்கொண்டார். வியாதி வந்தபாடில்லை, வராத வியாதிக்கான மாத்திரை மூன்று நாள் காத்திருந்தால் என்ன? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பார்கள். போடவில்லை. மாத்திரையை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு போய் எம்.சாண்ட் குவியலில் விட்டெறிந்தார்.

ஞாயிறும் திங்களும் அப்படியே போயிற்று. காலையில் அக்கா வருவாள், சுளை சுளையாக உரித்துக் கொடுப்பாள், பக்தவச்சலத்தின் கடைசி நாள், சிவகுமாரின் பெண்ணுக்கு வந்த வரன், ரைஸ் மில்லை இடித்துக் கட்டிய அபார்ட்மெண்ட் என்று ஒன்பது வருஷத்துக் கதையைச் சொல்வாள். ஹேமாவதி மாத்திரையைக் கொடுப்பாள். அது மணலுக்குப் போகும். யார் வீட்டுச் சுவர்ப் பூச்சிலோ அந்த மாத்திரைகள் இப்போது இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அட்மிஷன். கிளியம்மாள் நானும் வருவேன் என்று காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி அரை மணி நேரம் நின்றது. அந்த அரை மணியும் அவள் தம்பியின் கையை விடவில்லை.

வார்டில் பிரஷர் பார்த்து, ஈ.சி.ஜி. எடுத்து முடித்த மெட்டில்டா, பேப்பரைப் பார்த்தபடியே கேட்டார்: "ஆறு நாள் மாத்திரையும் கரெக்டா போட்டீங்களா அய்யா?"

"ரெண்டு வேளையும் நான்தானே எடுத்துக் குடுத்தேன்" என்று ஹேமாவதி முந்திக்கொண்டாள். கிளியம்மாள் கால்மாட்டில் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சம்பத் அக்காவைப் பார்த்தார். போட்டேன் என்று சொன்னால் விஷயம் அதோடு முடிந்தது. போடவில்லை என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் பழம். பழம் என்றால் அக்கா. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், கூடப் பிறந்தவளே தம்பியின் மருந்தைத் தடுத்தாள் என்று சொந்தபந்தம் இரண்டு தலைமுறைக்குப் பேசும். அதே நேரம் டாக்டர் சொன்ன மூன்றாம் நாளும் நினைப்புக்கு வந்தது. மெட்டில்டா பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

"அக்கா, கீழ கேண்டீன்ல ஒரு காபி வாங்கினு வா. சக்கர கம்மியா."

தம்பி தன்னை வேலை ஏவியதில் கிளியம்மாளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "அதான பாத்தேன், எங்க இன்னும் கேக்கலியேன்னு" என்று படியிறங்கிப் போனாள். அவள் தலை மறைந்ததும் சம்பத் சொன்னார். மூன்று நாள், மூன்று பழம், மணல் குவியல், எல்லாவற்றையும்.

ஹேமாவதி தலையில் அடித்துக்கொண்டாள். "போன் பண்ணிக் கேட்டேன்னு சொன்னியே! பாவி மனுஷா!"

மெட்டில்டா கத்தவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே" என்று டாக்டரிடம் போனார். டாக்டர் வந்து நாடியைப் பார்த்தார், ஈ.சி.ஜி.யை மறுபடி எடுத்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"தள்ளிப்போடறதா சார்?" என்று கேட்டான் தீனா.

"அடைப்பு இருக்கிற நிலைமைக்குத் தள்ளிப்போடறது சரியில்ல. விட்ட மருந்தை ஊசி வழியா ஏத்தறோம், கூட இன்னொரு மாத்திரை இருக்கு. ஆனா ஒரு கண்ணு அதிகமா வெச்சுப் பாக்கணும். தெரியாம போயிருந்தா அதுதான் தப்பா போயிருக்கும்."

"சார், எங்க அக்காவுக்கு மட்டும் இது தெரிய வேணாம்" என்றார் சம்பத்.

"எனக்கு உங்க இதயம் மட்டும் போதும். உங்க அக்காவை நீங்க பாத்துக்குங்க" என்று டாக்டர் போய்விட்டார். கிளியம்மாள் காபியோடு வந்தபோது எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வியாழனும் வெள்ளியும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும், சம்பத்துக்கு நெஞ்சுக்குள் யாரோ சல்லடை சலிப்பது போல இருந்தது. வலி இல்லை. ஆனால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் சம்பந்தமில்லாமல் உள்ளே ஓடியது. தலைமாட்டு மானிட்டர் கத்தத் தொடங்கியது. ஆட்கள் வந்தார்கள். இவருக்கு இது வரலாம் என்று எதிர்பார்த்திருந்ததால் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. ஊசி மருந்தின் அளவைக் கூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக் காபி நேரத்துக்குத் துடிப்பு பழையபடி வரிசைக்கு வந்துவிட்டது.

"மாத்திரைய விட்டதாலதான் வந்துச்சா சார்?" என்று ஹேமாவதி கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஒழுங்கா போட்டவங்களுக்கும் சில பேருக்கு வருது. மாத்திரை வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். ஹேமாவதிக்கு அந்தப் பதில் கொஞ்சமும் திருப்தியாக இல்லை.

திங்கட்கிழமை பார்வையாளர் நேரத்தில் கிளியம்மாள் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வார்டு வாசலுக்கு வந்தாள். மெட்டில்டா மறித்தார்.

"என்னம்மா இது? திறங்க பாப்போம்."

திறந்தாள். உரித்த சுளைகள்.

"இது உள்ள போகாதும்மா. அந்த மாத்திரை ஓடறப்ப பம்பளிமாஸ் கூடாதுன்னு நான் எல்லார்கிட்டயும் முதல் நாளே சொல்லித்தான் அனுப்பறேன்."

கிளியம்மாள் பாக்ஸை மூடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹேமாவதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அன்னிக்குச் சொன்னது நெசமா?"

"நெசந்தான் அண்ணி."

"அப்ப அந்த மூணு நாளும் அவன் மாத்திரை?"

ஹேமாவதி தரையைப் பார்த்தாள். கிளியம்மாளுக்கு வேறு பதில் வேண்டியிருக்கவில்லை. பாக்ஸை மூடி, பெஞ்சில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போனாள். இத்தோடு மறுபடியும் பேச்சு நின்றது என்றே ஹேமாவதி நினைத்தாள்.

சம்பத் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏண்டா, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா இன்னா?"

"ஹேமா சொன்னாளே. நீதான் அவள நிக்க வெச்சுக் கேள்வி கேட்டியே."

"அவ சொன்னா நான் நம்ப மாட்டேன். நீ சொல்லியிருக்கணும்."

"நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

கிளியம்மாள் யோசித்தாள். பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. "மாட்டேன்" என்றாள்.

சம்பத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாலேயே வந்த மெட்டில்டாவிடம் கேட்டாள்:

"இன்னும் எத்தினி நாளைக்கும்மா இந்த மாத்திரை?"

"ஆறு வாரம். நிறுத்தின பிறகும் அது உடம்புல கொஞ்ச நாள் தங்கும். எப்ப பழம் சாப்பிடலாம்னு டாக்டரக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். மூணு மாசம் ஆகலாம், கூடவும் ஆகலாம்."

கிளியம்மாள் தம்பி பக்கம் திரும்பினாள். "வீம்புக்கு ஒம்போது வருஷம் சாப்பிடாம இருந்தவன், உசுருக்கு மூணு மாசம் இருக்க மாட்டியா?"

"இருக்கேன்."

"வேளா வேளைக்கு மாத்திரை போடுவியா?"

"போடறேன்க்கா."

"நான் வந்து பாப்பேன். நாக்குக்கடியில ஒளிச்சு வெச்சிருக்கியான்னு வாயத் தொறக்கச் சொல்லிப் பாப்பேன்."

அப்படியே செய்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலையும் சாயங்காலமும் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு வந்து, சம்பத் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்து, ஆ காட்டச் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஹேமாவதியிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மாத்திரைச் சீட்டை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், அவள் சொன்னதைத் திருப்பிக் கேட்காமல் ஏற்றுக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் வெளியே நடக்கலாம் என்றார்கள். முதல் நாள் சம்பத் கடை வரைக்கும் நடந்தார். நாலாம் நாள் தெருவைத் திரும்பி, அடுத்த தெருவையும் திரும்பி, அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்தது பக்தவச்சலம் செத்த அன்று மட்டும்தான். மூச்சு வாங்கியது. வாசலில் மரத்தடியில் ஒரு ஸ்டூல் கிடந்தது. தலைக்கு மேலே ஏழெட்டுப் பழங்கள் தொங்கின. அணில் கடிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் பழைய புடவைத் துணியில் கட்டி வைத்திருந்தாள். சம்பத் ஸ்டூலில் உட்காரப் போனார்.

"டேய், டேய், அங்க ஒக்காராத!" என்று உள்ளிருந்து கிளியம்மாள் ஓடிவந்தாள்.

"சாப்பிடத்தானே கூடாது. அடியில ஒக்காரவுமா கூடாது?"

"எனக்குத் தெரியாது. அந்த சிஸ்டர கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் நீ உள்ள வா."

சம்பத் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்.